குறட்டை, பகல் தூக்கம், லாரி ஸ்டியரிங்: குடியாத்தம் சகோதரிக்கு ஒரு விரிவான பதில்

குடியாத்தத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவருக்கு 46 வயது. ஆம்பூர் ஷூ கம்பெனிகளிலிருந்து சென்னை துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். பல வருடமாகப் பெரிய குறட்டை. இப்போது குறட்டை நடுவில் நின்றுபோய், கொஞ்ச நேரம் மூச்சே இல்லாமல் கிடந்து, திணறி எழுகிறார். காலையில் தலைவலி. ராத்திரி மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். பிரஷருக்கு இரண்டு வகை மாத்திரை சாப்பிட்டும் அடங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் கண் சொருகுகிறது. போன மாதம் விடியற்காலையில் மாதனூர் பக்கம் வண்டி தடுப்பை உரசியிருக்கிறது. "ரெண்டு டீ அடிச்சா சரியாப் போயிடும், நீ சும்மா பயப்படாத" என்கிறாராம். இது நோயா, வண்டி ஓட்டலாமா, மாத்திரை இருக்கிறதா, சோதனை செய்தால் லைசென்ஸ் போய்விடுமா என்பவை அவருடைய கேள்விகள். ஒன்பது வயது மகனும் குறட்டை விடுகிறான் என்று கடைசியில் ஒரு வரி.

நான் டாக்டர் இல்லை. வேலூரில் ஒரு தூக்க ஆய்வகத்தில் ராத்திரி ஷிப்டு பார்க்கும் டெக்னீஷியன். தூங்குகிறவர்களின் மூச்சையும் மூளை அலைகளையும் விடிய விடியத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. அங்கே வந்து படுப்பவர்களில் லாரி, பஸ், வேன் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். அதனால் இந்தக் கேள்விக்கு அவசரமாக இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக மனமில்லை.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். வண்டி தடுப்பை உரசிய பிறகு "ஓட்டலாமா" என்ற கேள்விக்கு இடமில்லை. டாக்டரைப் பார்த்து, சோதனை முடிந்து, சிகிச்சை பிடித்து, பகல் தூக்கம் விலகும் வரை அவர் லாரி ஓட்டக் கூடாது. ராத்திரி லோடு மட்டுமில்லை, பகல் லோடும் வேண்டாம். இது கடுமையாகத் தெரியும், வீட்டு வருமானம் அதில்தான் என்பதும் புரிகிறது. ஆனால் இந்த இடைவெளி வாரக்கணக்கில் முடியக்கூடியது. சரியாக வைத்தியம் பார்த்தால் இவ்வளவு சீக்கிரம் பலன் தெரியும் வியாதிகள் குறைவு.

நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் ஸ்லீப் ஆப்னியா என்கிற தூக்க மூச்சடைப்பைத்தான் காட்டுகிறது. மூக்கு வழியாக வரும் காற்று நாக்குக்குப் பின்னால் இறங்கும் இடத்தில் தொண்டையைத் தாங்கிப் பிடிக்க எலும்பு கிடையாது. சதைதான் அதைத் திறந்து வைத்திருக்கிறது. விழித்திருக்கும்போது அந்தச் சதை விறைப்பாக இருக்கும், தூங்கியதும் தளரும். காகித ஸ்ட்ராவை ஊறவிட்டு வேகமாக உறிஞ்சினால் நடுவில் ஒட்டிக்கொள்ளுமே, அதுதான் இங்கேயும் நடக்கிறது. பாதி ஒட்டினால் சதை அதிர்ந்து குறட்டைச் சத்தம் வரும். முழுதாக ஒட்டிவிட்டால் சத்தமே இருக்காது. அந்த நேரத்தில் நெஞ்சும் வயிறும் மூச்சிழுக்க எக்கி எக்கி ஏறி இறங்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. குறட்டை நின்றதும் "அப்பாடா, தூங்கிட்டார்" என்று வீட்டில் நிம்மதி அடைவார்கள். பயப்பட வேண்டிய நேரம் அந்த அமைதிதான்.

10 விநாடிக்கு மேல் மூச்சு நின்றால் நாங்கள் அதை ஓர் அடைப்பு என்று கணக்கு வைப்போம். 40 விநாடி, 50 விநாடி, ஒரு நிமிடத்தைத் தாண்டுவதும் உண்டு. ரத்தத்தில் 95 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டிய ஆக்சிஜன் 80க்கு வரும், சிலருக்கு 70க்கும் கீழே இறங்கும். மூளை ஆபத்தை உணர்ந்து அட்ரினலினைக் கொட்டி ஆளை உசுப்பும். ஒரு செருமல், ஒரு திணறல், தொண்டை திறக்கும், மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. ஒரு மணி நேரத்தில் இப்படி முழுதாகவோ பாதியாகவோ எத்தனை முறை அடைக்கிறது என்பதை வைத்துத்தான் நோயின் அளவைச் சொல்வார்கள். 5க்குக் கீழே என்றால் பயமில்லை. 5 முதல் 15 வரை லேசு, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. 30 என்றாலே இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை. ஏழு மணி நேரம் படுத்தால் 210 முறை அவரை யாரோ தட்டி எழுப்பியதற்குச் சமம்.

பிரஷர் அடங்காததற்கும் இதில் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு அடைப்பின் முடிவிலும் அட்ரினலின் பாய்ந்து ரத்த அழுத்தம் எகிறும். ராத்திரி இறங்க வேண்டிய பிரஷர் இறங்காமலே விடிந்துவிடும், பிறகு பகலிலும் அது தங்கிவிடுகிறது. இரண்டு மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிரஷர் என்றால் நல்ல டாக்டர்கள் குறட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பது அதனால்தான். அடிக்கடி சிறுநீர் போவதைச் சர்க்கரை, புராஸ்டேட் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அடைத்த தொண்டை வழியாக மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்குள் உண்டாகும் இழுப்பு இதய அறையை விரிக்கிறது. உடம்பில் தண்ணீர் கூடிவிட்டது என்று இதயம் தவறாக எடுத்துக்கொண்டு, சிறுநீரைக் கூட்டும் ஹார்மோனை விடுகிறது. மூச்சு சரியானதும் ராத்திரி முழுக்க ஒரே தூக்கமாகத் தூங்கினேன் என்று வந்து சொல்பவர்கள் உண்டு.

இப்போது அவர் ஏன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார் என்பதற்கு வருகிறேன். அவர் பிடிவாதக்காரர் என்று நினைக்காதீர்கள். அவருக்கு நிஜமாகவே தெரியாது. அந்த விழிப்புகள் சில விநாடிகளே நீடிப்பதால் நினைவில் பதியாது. காலையில் எங்கள் ஆய்வகத்தில் எழுந்து உட்கார்ந்து "நல்லாத் தூங்கினேன் சார்" என்பார்கள். திரையில் ராத்திரி முழுக்க மூச்சு அடைத்து அடைத்துத் திறந்த கோடுகள் இருக்கும். அவர் எட்டு மணி நேரம் படுத்திருந்தார் என்பது உண்மை, தூங்கினார் என்பதுதான் உண்மையில்லை. இன்னொன்று, வருடக்கணக்கில் அரைத் தூக்கத்திலேயே இருப்பவருக்குத் தெளிவாக இருப்பது எப்படி இருக்கும் என்பதே மறந்துபோய்விடும். "எனக்கு இப்படித்தான், வயசாகுது, வேலை ஜாஸ்தி" என்று அதையே இயல்பாக எடுத்துக்கொள்வார். ஆகவே தனக்குத் தூக்கம் வருகிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லக்கூடிய நிலையில் அவர் இல்லை. பக்கத்தில் படுத்து அந்த மூச்சைக் கேட்கும் நீங்கள்தான் இதில் முதல் சாட்சி. உங்கள் பயத்தை நீங்களே குறைத்து எடைபோடாதீர்கள்.

சாலையில் இது எப்படி வெளிப்படும் என்று கேட்டால், பலர் நினைப்பதுபோல் தலை தொங்கி விழுவது அல்ல. கண் திறந்திருக்கும்போதே மூளை இரண்டு மூன்று விநாடி அணைந்துவிடும். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டியது ஞாபகம் இருக்கும், வேலூர் வந்ததும் ஞாபகம் இருக்கும், நடுவில் ஓட்டியது ஞாபகம் இருக்காது. அவரிடம் சண்டையாக இல்லாமல் இதைக் கேட்டுப் பாருங்கள்: "நடுவுல கொஞ்ச தூரம் எப்படி வந்தோம்னு தெரியாம இருந்திருக்கா?" ஆமாம் என்றால் அது சின்னத் தூக்கம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. நான்கு விநாடி என்றால் கிட்டத்தட்ட 90 மீட்டர், பின்னால் கண்டெய்னரோடு. தூங்கிப்போனவர் மோதிய இடத்தில் பிரேக் போட்ட தடமே இருக்காது. மற்ற விபத்துகளில் கடைசி நொடியிலாவது வேகம் குறைந்திருக்கும், இதில் முழு வேகத்தோடு போய் இடிக்கும். அதனால்தான் சேதம் இவ்வளவு அதிகம்.

கிருஷ்ணகிரியிலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், வாலாஜாபேட்டை என்று நீளும் நம் 48ஆம் எண் நெடுஞ்சாலை தூக்கக் குறைவு உள்ளவருக்கு மிக மோசமான சாலை. நேராக, அகலமாக, ஒரே மாதிரி, ஸ்டியரிங்கைத் திருப்ப வேலையே இல்லாமல் போகும். ஏலகிரி கொண்டை ஊசி வளைவில் யாருக்கும் தூக்கம் வராது. இங்கே வரும். ஓரத்தில் பின்விளக்கு இல்லாமல் நிறுத்திய லாரிகளும் இதே சாலையில்தான் நிற்கின்றன. விழித்திருப்பவர் கடைசி நேரத்திலாவது திருப்பிவிடுவார்.

உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. விடியற்காலை 2 முதல் 6 மணி வரையிலும், மதியம் 2 முதல் 4 மணி வரையிலும் அது எல்லோரையும் தூக்கத்துக்கு இழுக்கும். மதியம் ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டதால்தான் கண் சொருகுகிறது என்பார்கள். சாப்பாடு அதைக் கூட்டும், ஆனால் சாப்பிடாவிட்டாலும் அந்த இறக்கம் வரும். தூங்கிப்போய் நடக்கும் விபத்துகளும் இந்த இரண்டு வேளைகளில்தான் குவிகின்றன. உங்கள் வீட்டுக்காரர் சாயங்காலம் லோடு ஏற்றி, பேப்பர் வேலை முடித்து, நள்ளிரவுக்கு மேல் கிளம்புகிறார் என்றால் அந்த முதல் இறக்கத்துக்குள் நேராக வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறார்.

குடிக்காதவர் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஆனாலும் ஒரு கணக்குச் சொல்கிறேன். 1997இல் ஆஸ்திரேலியாவில் செய்த ஒரு ஆய்வு, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களின் கைகண் ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவர்களின் அளவுக்குக் கெட்டுவிடுகிறது என்று காட்டியது. நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். காலை ஏழு மணிக்கு எழுந்த மனிதர் நள்ளிரவில் ஸ்டியரிங் பிடித்தாலே அந்த நிலைதான். அது நன்றாகத் தூங்கி எழுந்த ஆரோக்கியமானவர்களை வைத்துச் செய்த கணக்கு. முந்தின ராத்திரி 210 முறை எழுப்பப்பட்டவரின் நிலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மூச்சடைப்பு உள்ள ஓட்டுநர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு அளவுக்கு அதிகம் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

டீ விஷயம். டீயில் இருக்கும் கஃபீன் வேலை செய்ய 20, 30 நிமிடம் பிடிக்கும். குடித்த உடனே தெளிவாக இருப்பதுபோல் தோன்றுவது வண்டியை விட்டு இறங்கி நடந்ததால், குளிர்காற்று பட்டதால். அந்தத் தெளிவு வேலூரைத் தாண்டும் முன்பே போய்விடும். ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகம் கழுவுவது எல்லாம் சில நிமிட வேலை. பாக்கு, புகையிலை போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது, வாய்ப் புற்றுநோயையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்கள். சாதாரண அசதி உள்ள ஒருவர் ஒரு டீயைக் குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் படுத்து எழுந்தால், கஃபீனும் ஓய்வும் சேர்ந்து கொஞ்ச நேரம் நிஜமாகவே உதவும். மூச்சடைப்பு உள்ளவருக்கு அது அடுத்த பாதுகாப்பான நிறுத்தம் வரை போகத்தான் உதவும், சென்னை வரை போக உதவாது. அந்த 20 நிமிடத்திலும் அவருக்கு மூச்சு அடைக்கத்தானே செய்கிறது.

இரண்டு பொருள்கள் மேல் கண்டிப்பாக எச்சரிக்கை வேண்டும். மதுவும் தூக்க மாத்திரையும் தொண்டைச் சதையை இன்னும் தளர்த்தி, அடைப்பை நீளமாக்கும். "தூக்கம் சரியில்லை" என்று மட்டும் மருந்துக் கடையில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டால் நிலைமை மோசமாகும். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் மறுநாள் வரை தூக்கக் கலக்கத்தைத் தரும். அதனால் எந்த மாத்திரை வாங்கும்போதும் லாரி ஓட்டுகிறவர் என்று சொல்லி வாங்குங்கள்.

சரி, என்ன செய்யலாம்? இன்று ராத்திரியே அவர் தூங்கும்போது உங்கள் போனில் வீடியோ எடுங்கள். முகம் மட்டும் வேண்டாம், நெஞ்சும் வயிறும் தெரிய வேண்டும். மூச்சு நின்று திணறி எழும் இடம் வரும் வரை எடுங்கள். விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கும் ஒருமுறை எடுத்துவிடுங்கள். கனவுத் தூக்கம் அதிகம் வரும் நேரம் அது, அப்போது உடம்புச் சதை மிகவும் தளர்ந்து அடைப்பு கூடும். காலையில் அவரிடம் அதைக் காட்டுங்கள். எத்தனை வருடம் சொல்லியும் கேட்காதவர்கள் தங்கள் மூச்சு நிற்பதைத் தாங்களே பார்த்ததும் பேச்சில்லாமல் உட்கார்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். டாக்டருக்கும் அந்த வீடியோ ஒரு பக்கம் கடிதத்தைவிட உதவும்.

டாக்டர்கள் எட்டு கேள்வி கொண்ட ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். சத்தமான குறட்டை, பகல் அசதி, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, பிரஷர், ஆண் என்ற ஐந்துக்கும் உங்கள் கடிதத்திலேயே ஆமாம் என்று வந்துவிட்டது. ஐந்து வந்தாலே அதிக ஆபத்து என்று வைக்கிறார்கள். மீதம் வயது 50க்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா, உடல் பருமன் குறியீடு 35க்கு மேலா என்பவை. தையல் டேப்பால் கழுத்தை அளந்து வையுங்கள். எடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: நம் ஆட்களுக்கு இந்த நோய் வர அவ்வளவு பருமன் தேவையில்லை. தாடை சின்னதாகவோ பின்வாங்கியோ இருந்தால் ஒல்லியானவருக்கும் வரும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் கூடும். பெண்களுக்குக் குறட்டையைவிடத் தூக்கமின்மை, சோர்வு, தலைவலி என்று வெளிப்படுவதால் பல வருடம் தவறிப்போகிறது.

எந்த டாக்டர் என்று குழம்ப வேண்டாம். நுரையீரல் டாக்டர், காது மூக்கு தொண்டை டாக்டர், நரம்பியல் டாக்டர் மூவரும் இதைப் பார்ப்பார்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் தூக்க ஆய்வு வசதி இருக்கிறது. செலவு கவலை என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவில் முதலில் காட்டி, சோதனைக்கு எங்கே எழுதித் தருகிறார்கள் என்று கேளுங்கள். "குறட்டை" என்று மட்டும் சொன்னால் கூட்டத்தில் கவனிக்காமல் போகலாம். "லாரி ஓட்டுகிறார், ஓட்டும்போது தூங்கி வண்டி உரசியது" என்ற வாக்கியத்தை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வரிசையில் அவரை முன்னே கொண்டுவரும் வாக்கியம் அதுதான்.

சோதனை வலிக்காது. ராத்திரி வந்து படுக்க வேண்டும். தலையில் சில ஒயர்கள், கண் ஓரத்தில், தாடையில், காலில் சில, மூக்கில் மெல்லிய குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் ஒரு பெல்ட், விரலில் ஆக்சிஜன் கிளிப். தலைக்கு எண்ணெய் தேய்க்காமல் குளித்துவிட்டு வரச் சொல்லுங்கள், எண்ணெய் இருந்தால் ஒயர் ஒட்டாது. அன்று மதியம் தூங்க வேண்டாம், சாயங்காலத்துக்கு மேல் டீ வேண்டாம். "இவ்வளவு ஒயரோடு எப்படித் தூங்குறது" என்று எல்லோரும் கேட்பார்கள், இந்த நோய் உள்ளவர் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவார். அறிகுறி இவ்வளவு தெளிவாக உள்ளவர்களுக்கு வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் சின்னக் கருவியைக் கொடுத்துச் சோதிப்பதும் உண்டு, செலவு குறையும். கூடவே தைராய்டு, சர்க்கரை, ரத்த அளவு பார்ப்பார்கள். பகல் தூக்கம் எல்லாமே மூச்சடைப்பு இல்லை, தைராய்டு குறைவும் ரத்தசோகையும் மன அழுத்தமும் அசதியைத் தரும்.

மாத்திரை உண்டா என்று கேட்டீர்கள். தொண்டையைத் திறந்து வைக்க வழக்கமாக எழுதித் தரும் மாத்திரை எதுவும் இல்லை. 2024 டிசம்பரில் அமெரிக்காவில் டிர்செபடைட் என்ற வார ஊசியை, பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான மூச்சடைப்பும் உள்ளவர்களுக்கு அனுமதித்தார்கள். எடையைக் குறைத்து வேலை செய்யும் மருந்து அது, பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். நாளைக்கு ஸ்டியரிங் பிடிக்க வேண்டியவருக்கு அது விடை ஆகாது.

உடனடி விடை சிபாப் மெஷின். 1981இல் ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் உலகுக்குச் சொன்ன முறை, இன்றும் கடுமையான மூச்சடைப்புக்கு முதல் சிகிச்சை. இது ஆக்சிஜன் மெஷின் என்று பலரும் நினைக்கிறார்கள். வெறும் காற்றுதான். அறைக் காற்றையே லேசான அழுத்தத்தில் மாஸ்க் வழியாக அனுப்பி, தொண்டை ஒட்டாமல் உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிறது. மாட்டிய முதல் ராத்திரியே குறட்டை நின்று, திரையில் ஆக்சிஜன் கோடு நேராகப் போவதைப் பார்ப்பது என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நேரம். பகல் தூக்கம் சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் குறையும். ஓட்டும் திறமையைச் சோதித்த ஆய்வுகளில் ஒரு வாரத்துக்குள்ளேயே முன்னேற்றம் தெரிந்திருக்கிறது. ஆனால் போட்டால்தான் பலன். ஒரு ராத்திரி விட்டாலே அடைப்பு திரும்ப வந்துவிடும். தூங்கும் நேரம் முழுக்கப் போட வேண்டும், லாரி கேபினில் படுக்கும்போதும் சேர்த்து.

கேபினில் எப்படி என்று கேட்பார். லாரி பேட்டரி 24 வோல்ட். அதற்கேற்ற அடாப்டர் பல மெஷின்களுக்குக் கிடைக்கிறது. வாங்கும்போதே "லாரியில் ஓட்ட வேண்டும்" என்று சொல்லி, அதைக் காட்டச் சொல்லி வாங்குங்கள். காற்றை ஈரமாக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தைக் கேபினில் நிறுத்திவிட்டால் மின்சாரம் குறைவாகப் பிடிக்கும். வீட்டில் கரண்ட் போனால் பயம் வேண்டாம், மாஸ்கில் காற்றுப் போக வழி இருக்கிறது, மூச்சு முட்டினால் தானே எழுந்து கழற்றிவிடுவார். இன்வெர்ட்டர் இருந்தால் இன்னும் நல்லது. மெஷினுக்குச் சில பத்தாயிரம் ரூபாய் ஆகும். வாங்கும் முன் கொஞ்ச நாள் வாடகைக்கு எடுத்துப் பழகிப் பார்ப்பது புத்திசாலித்தனம். பலர் மெஷினை மூட்டை கட்டி வைக்கக் காரணம் மெஷின் இல்லை, பொருந்தாத மாஸ்க். மூக்கு ஓரத்தில் காற்று கசிந்தால், கண் எரிந்தால், வாய் உலர்ந்தால் உடனே போய் வேறு அளவு கேளுங்கள். பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகினால் ராத்திரி மூச்சுத் திணறுகிற பயம் போய்விடும்.

லேசான, நடுத்தர அளவு என்று வந்தால் கீழ்த்தாடையை முன்னே தள்ளி வைக்கும் பல் கருவி, பக்கவாட்டில் படுப்பது போன்றவற்றை டாக்டர் சொல்லலாம். மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் விழும் என்பதால் இன்றிலிருந்தே ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். எடை 10 சதவீதம் குறைந்தால் அடைப்பின் எண்ணிக்கை ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது. ஆனால் எடை குறையட்டும், பிறகு மெஷின் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். சரியாகத் தூங்காதவருக்குப் பசி கூடும், நடக்கத் தெம்பு இருக்காது, எடை குறையவே குறையாது. மெஷின் முதலில், நடை பிறகு.

லைசென்ஸ். பலர் சோதனைக்கு வராததற்கு இந்தப் பயம்தான் காரணம். பிரிட்டனில் பகல் தூக்கத்தோடு நடுத்தர, கடுமையான மூச்சடைப்பு இருந்தால் லைசென்ஸ் அலுவலகத்துக்கு ஓட்டுநரே தெரிவிக்க வேண்டும், கட்டுக்குள் வந்த பிறகு திரும்ப ஓட்டலாம். நம் ஊரில் தூக்கச் சோதனை செய்த ஆஸ்பத்திரி ஆர்டிஓ அலுவலகத்துக்கு எழுதிப் போட்டு லைசென்ஸைப் பிடுங்கும் நடைமுறை கிடையாது. ரிப்போர்ட் உங்கள் கையில்தான் வரும். அதே நேரம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 186ஆம் பிரிவு, தனக்கு இருக்கும் நோயால் மற்றவர்களுக்கு ஆபத்து என்று தெரிந்தே ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. சிகிச்சை எடுத்துத் தெளிவாக இருப்பவர் அதில் வரமாட்டார், தெரிந்தும் மூடி மறைத்து ஓட்டுபவர் வருவார். பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் கவனக்குறைவால் மரணம் ஏற்படுத்தினால் ஐந்து வருடம் வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தில் அது இரண்டு வருடமாக இருந்தது. சிபாப் மெஷின் எந்தெந்த நாள் எத்தனை மணி நேரம் ஓடியது என்று தானே பதிவு செய்து வைக்கும். "நான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்பதற்கு அவரிடம் இருக்கக்கூடிய நல்ல ஆதாரம் அந்தப் பதிவுதான்.

முதலாளியிடம் பேச வேண்டியிருக்கும். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு ஒரு நாளுக்கு 8 மணி நேரம், 5 மணி நேரத்துக்குள் குறைந்தது அரை மணி ஓய்வு என்று 1961ஆம் வருடச் சட்டமே எழுதி வைத்தது. சாலையில் அது எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஓட்டுநர்களை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. கப்பல் நேரத்தைக் காட்டி ஒரே ஆளை விடிய விடிய ஓட்டச் சொல்கிறவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஆனாலும் பல லாரி முதலாளிகள் ஒரு கண்டெய்னர் கவிழ்ந்தால் என்ன நஷ்டம் என்று அறிந்தவர்கள். டாக்டர் சீட்டோடு போய், "சில வாரம் யார்டு வேலை கொடுங்க, சரியானதும் பழையபடி ஓட்டுறேன்" என்று கேட்டால் ஒத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. அவர் கேட்கக் கூச்சப்பட்டால் அவருடைய அண்ணனோ உங்கள் அப்பாவோ கூடப் போகட்டும்.

திரும்ப ஓட்டுவது எப்போது என்பதை டாக்டர் சொல்லட்டும். மெஷின் பதிவு, ரிப்போர்ட், அவருடைய பகல் தெளிவு மூன்றையும் பார்த்துச் சொல்வார். வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியவை: மதியம் சாப்பிட்டு உட்காரும்போது கண் சொருகுகிறதா, டிவி முன்னால் தூங்குகிறாரா, பேசிக்கொண்டிருக்கும்போதே தலை சாய்கிறதா. இவை நின்ற பிறகும் முதல் சில லோடுகள் பகலில், குறைந்த தூரத்துக்கு, கூட ஒருவரோடு போகட்டும். விடியற்காலை 2 முதல் 6 வரை ஓட்டாமல் இருக்க முடியுமானால் எப்போதுமே அப்படி வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு மெஷினால் மாற்று கிடையாது, அந்த நேரத் தூக்கம் எல்லோருக்கும் உரியது.

மகனைப் பற்றி. ஒன்பது வயதுப் பையன் தினமும் குறட்டை விட்டால், வாயைத் திறந்து தூங்கினால், அது அப்பாவிடமிருந்து வந்த பழக்கம் என்று விட்டுவிட வேண்டாம். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் டான்சிலும் மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையும் வீங்கி வழியை அடைப்பதுதான் காரணம். பெரியவர்கள்போல் அவர்கள் பகலில் தூங்கி வழிய மாட்டார்கள். மாறாக ஓரிடத்தில் உட்கார மாட்டான், எரிச்சல்படுவான், படுக்கையில் சிறுநீர் போவான், பாடத்தில் கவனம் இருக்காது, டீச்சர் "சேட்டை" என்று எழுதி அனுப்புவார். அவனையும் ஒரு ராத்திரி வீடியோ எடுத்துக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். ஆபரேஷன் தேவைப்பட்டால் அநேகமாக அதோடு சரியாகிவிடும். அப்பாவை அழைத்துப் போகும் அன்றைக்கே அவனுக்கும் ஒரு சீட்டுப் போட்டுவிட்டால் உங்களுக்கு ஒரு பஸ் பயணம் மிச்சம்.